சனிக்கிழமைக் கூலி, ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கை

பல்லடத்தில் சனிக்கிழமை சாயங்காலம் கூலி. ஞாயிற்றுக்கிழமை காலை காணிக்கை. நடுவில் இருப்பது ஒரே ஒரு ராத்திரி. ஏழைகளைப் பற்றி இயேசு பேசியதையெல்லாம் எங்கள் சபையார் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சாகவே எடுத்துக்கொள்கிறார்கள். எவ்வளவு கொடுத்தோம், யாருக்குக் கொடுத்தோம், இன்னும் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கலாமா என்று அதற்குள்ளேயே மனசு சுற்றுகிறது. வேதாகமத்தைத் திறந்து நிதானமாக வாசித்தால் அந்தப் பேச்சில் நிறையப் பகுதி சனிக்கிழமையைப் பற்றியது. தறிக்காரர்களுக்கும் கோழிப் பண்ணைக்காரர்களுக்கும் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். வாரக்கூலி நோட்டும் சபைக்குக் கொடுத்த பணத்தின் ரசீதும் ஒரே பைக்குள் என் மேசைக்கு வந்து சேரும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் சபையில் யாரும் தன்னைப் பணக்காரர் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பத்துப் பன்னிரண்டு தறி, அதன் மேல் பேங்கு லோன், சொந்த வீடு, ஒரு கார், கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளை. "ஆண்டவரு குறையில்லாம நடத்துறாருங்க" என்று சாட்சி சொல்கிற வாழ்க்கை. என்னுடையதும் ஏறக்குறைய அதேதான். ஐசுவரியவான்களை இயேசு எச்சரிக்கிற இடம் வாசிக்கப்படும்போது எங்களுக்கு நினைவு வருகிறவர்கள் ஸ்பின்னிங் மில் முதலாளிகளும் திருப்பூர் எக்ஸ்போர்ட்டர்களும். ஐசுவரியவான் என்பவன் எப்போதும் நமக்கு ஒரு படி மேலே இருக்கிறான்.

கொடுப்பதில் எங்கள் ஆட்கள் கை சுருக்குகிறவர்கள் இல்லை. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயும் ஒரு நாட்டுச் சேவலும் சந்தை விலையைப் போலப் பல மடங்குக்குப் போகும். 2020 ஊரடங்கில் லைன் வீடுகளில் மாட்டிக்கொண்ட வடமாநிலத் தொழிலாளர்களுக்கு எங்கள் ஆலய வளாகத்தில் அண்டா அண்டாவாகச் சமைத்துக் கொண்டுபோனார்கள். அந்த மனசை நான் மதிக்கிறேன். அது எந்த இடத்தில் வேலை செய்யத் தொடங்குகிறது என்பதுதான் என் கவலை. வருடக் கணக்கு முடிந்து லாபம் இவ்வளவு என்று தெரிந்த பிறகு அதில் பத்தில் ஒரு பங்கு ஆண்டவருக்கு என்று எடுத்து வைக்கிறோம். அந்த லாபம் எப்படி வந்தது என்று சொல்லும் வரிகள் எல்லாம் அதற்கு மேலே இருக்கின்றன. அங்கே கூலி ஒரு செலவு. எந்த வியாபாரியும் குறைக்கப் பார்க்கிற செலவு.

எங்கள் சபைகள் எங்கிருந்து வந்தன என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். லண்டன் மிஷன் 1830இலேயே கோயம்புத்தூருக்கு வந்துவிட்டது. ஆனால் கொங்கு நாட்டுச் சீர்திருத்தச் சபைகள் ஆட்களால் நிறைந்தது இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஈரோட்டுப் பக்கம் மிஷனரி பிரப் துரை ஊழியம் செய்த காலத்தில், அருந்ததியர் குடும்பங்கள் வளவு வளவாக வந்து சேர்ந்தபோது. என் தாத்தாவும் ஆயாவும் அப்படி வந்தவர்களின் பிள்ளைகள். தாத்தா பல்லடத்துக்குத் தெற்கே ஒரு தோட்டத்தில் பண்ணையத்து ஆள். கூலி பணமாக இல்லை. கம்பாகவும் சோளமாகவும் வள்ளத்தால் அளந்து போடுவார்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் அப்பா படித்து வாத்தியார் ஆனார். நான் கணக்குப் படித்தேன். எங்கள் சபையில் முக்கால்வாசிக் குடும்பங்களின் கதை இதே கதை. தறி போட்டவர்கள், நர்ஸானவர்கள், பேங்கில் சேர்ந்தவர்கள் எல்லோருடைய தாத்தாவும் யாரோ ஒருவரின் களத்தில் துண்டை விரித்து நின்றவர்.

அந்தக் களத்தைப் பற்றி ஆயா சொல்லிக் கேட்டிருக்கிறேன். வள்ளத்தில் தானியத்தை அள்ளினால் தலைக்கு மேல் கோபுரமாக நிற்கும். கூலிக்கு அளக்கும்போது பண்ணையக்காரர் ஒரு கோலை எடுத்து அந்தத் தலையை வழித்துவிடுவார். வழிந்தது களத்திலேயே விழும். தலை வழித்த அளவு தாத்தாவின் துண்டுக்கு வரும். கடன் கொடுத்த தானியத்தைத் திரும்ப வாங்கும்போது மட்டும் கோலுக்கு வேலை இருக்காது.

லூக்கா ஆறாம் அதிகாரத்தில் அளவைப் பற்றி ஒரு வசனம் வருகிறது. குலுக்கி இறக்கி, தலை வழிக்காமல், மடி நிறைந்து வழிகிற மாதிரி அளந்து போடுவதைப் பற்றியது. எங்கள் ஆலயங்களில் காணிக்கைப் பை சுற்றி வரும்போது அதைச் சொல்வது வழக்கம். தொலைக்காட்சிப் பிரசங்கிகளுக்கும் அது பிடித்த வசனம்: நீ ஆண்டவருக்குக் கொடு, ஆண்டவர் உனக்குப் பல மடங்காகத் திருப்பித் தருவார். ஆயாவுக்கு எழுத்து தெரியாது. அந்த வசனம் வாசிக்கப்பட்ட நாளெல்லாம் வீட்டுக்கு வந்து ஒரே பேச்சுத்தான்: "ஏசுசாமிக்கு வள்ளத்துத் தலைய வழிக்கிறது தெரிஞ்சிருக்குது பாரு கண்ணு."

வேத பண்டிதர்கள் பலரை வாசித்த பிறகும் ஆயாவின் வாசிப்பையே நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த அதிகாரத்தில் இயேசு சமவெளியில் நின்று பேசுகிறார். ஏழைகள் பேறுபெற்றவர்கள் என்று ஆரம்பித்து, திருப்தியாக இருக்கிறவர்களுக்குக் கேடு என்று எச்சரித்து, பிறகு அளவுக்கு வருகிறார். நீ எந்த அளவால் அளக்கிறாயோ அதே அளவு உனக்கும் என்று முடிக்கிறார். அளவு யார் கையில் இருக்கிறது? துண்டை விரித்து நிற்கிறவன் கையில் இல்லை. கோலைப் பிடித்திருக்கிறவனிடம்தான் அந்தப் பேச்சு. அதைக் காணிக்கைக்கான வட்டி விகிதமாக மாற்றியது எங்கள் காலத்து வேலை.

கூலி பற்றி வேதம் நாள் குறித்தே பேசுகிறது. உபாகமம் 24ஆம் அதிகாரம், ஏழைக் கூலிக்காரனுக்கு அன்றன்றைய கூலியைப் பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்கிறது. அவன் உள்ளூர்க்காரனாக இருந்தாலும் சரி, வந்தேறியாக இருந்தாலும் சரி. லேவியராகமமும் கூலி விடியும்வரை உன்னிடம் தங்கக்கூடாது என்கிறது. மத்தேயு 20இல் திராட்சைத் தோட்டத்துச் சொந்தக்காரர் சாயங்காலம் ஆனதும் காரியஸ்தனைக் கூப்பிட்டுப் பட்டுவாடா பண்ணச் சொல்கிறார். யாக்கோபு தன் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் இன்னும் கடுமையாகப் போகிறார். வயலை அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்த கூலியே வாய்விட்டுக் கத்துகிறது, அந்தச் சத்தம் கடவுளின் காதுக்குப் போய்விட்டது என்கிறார்.

இதை நம் நாட்டுச் சட்டத்தோடு வைத்துப் பார்த்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. சிறு, குறு தொழில்கள் விற்ற சரக்குக்கும் செய்த வேலைக்கும் எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. யாரும் பெரிதாக மதிக்கவில்லை. வருமான வரிச் சட்டத்தில் 43பி பிரிவில் ஒரு உட்பிரிவைச் சேர்த்து, அந்தக் கெடுவுக்குள் தராத தொகையைத் தருகிற வருடத்தில்தான் செலவாகக் கழிக்கலாம் என்று ஆக்கினார்கள். 2023-24 கணக்கு வருடத்திலிருந்து அமலுக்கு வந்தது. அந்த மார்ச் மாதம் எங்கள் ஆபீஸ் போன் ஓயவே இல்லை. நாற்பத்தைந்து நாளுக்குள் கொடுப்பது எப்படி முடியும் என்று ஜவுளி வியாபாரிகள் நாடு முழுக்கத் தவித்தார்கள். மோசே கொடுத்த கெடு பொழுது சாயும்வரை.

இதற்கு நேர் எதிர்க்கோடியில் இதே மாவட்டங்கள் இன்னொன்றையும் பார்த்தன. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பகுதிகளின் நூற்பாலைகள் பலவற்றில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் வயசுப் பெண்களை விடுதியில் தங்கவைத்து வேலை வாங்கினார்கள். மாதம் ஒரு சிறு தொகை கையில். மூன்று வருடம் முடித்தால் கல்யாணச் செலவுக்கு என்று மொத்தமாக ஒரு தொகை. நடுவில் உடம்பு முடியாமல் ஊருக்குப் போய்விட்டால் அந்த மொத்தம் பல பெண்களுக்குக் கிடைக்கவே இல்லை. 2011இல் நெதர்லாந்து ஆய்வு அமைப்புகள் இதை அறிக்கையாக வெளியிட்ட பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. தாலி என்ற பெயரைச் சொல்லி மூன்று வருடம் பிடித்து வைத்த கூலி அது. கடவுளின் காதுக்குப் போனதாக யாக்கோபு சொன்ன கத்தல் பேருந்து போகிற தூரத்தில் இருந்தது. அந்த வருடங்களில் எங்கள் பக்கத்துப் பிரசங்க மேடை எதிலும் அந்தத் திட்டத்தின் பெயரை நான் கேட்டதில்லை.

"நானே கூலிக்காரன்தானுங்க அம்மணி" என்று தறிக்காரர்கள் சொல்வார்கள். அது பொய்யில்லை. இங்கே பெரும்பாலான தறிகள் கூலித் தறிகள். ஜவுளி உற்பத்தியாளர் பாவும் ஊடை நூலும் கொடுக்கிறார். துணியை நெய்து திருப்பிக் கொடுத்தால் மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. அந்தக் கூலி வருடக்கணக்கில் ஏறாது. 2022லும் 2025லும் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் கூலி உயர்வு கேட்டு வாரக்கணக்கில் தறிகளை நிறுத்தித்தான் போராட வேண்டியிருந்தது. மின்கட்டணம் ஒரு பக்கம். இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் இலவசம் என்று 2023இல் அரசு ஆக்கியது கொஞ்சம் மூச்சு விட உதவியது. கோழிப் பண்ணைக்காரர் கதையும் இதுதான். கம்பெனி குஞ்சும் தீவனமும் மருந்தும் கொடுக்கிறது. கொட்டகையும் உழைப்பும் இவருடையது. எடை போட்டு வளர்ப்புக் கூலி. விலை ஏறினாலும் இறங்கினாலும் இவர் கையில் எதுவும் இல்லை.

அந்த வேலைநிறுத்த நாட்களில் எங்கள் சபைத் தறிக்காரர்கள் ஜெபக் கூட்டங்களில் பேசியதைக் கேட்டிருக்கிறேன். உழைப்புக்கு ஏற்ற கூலி வேண்டும், காலம் கடத்துவது அநியாயம், பேசி ஒப்புக்கொண்டதை மாற்றுவது பாவம் என்றெல்லாம் யாக்கோபைப் போலவே பேசினார்கள். பிடித்து வைக்கப்பட்ட கூலி என்ன வலி என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் கேள்வி அதற்கு அடுத்த படி. மேலேயிருந்து கூலி ஏறிய மாதமே கீழே தறி ஓட்டுகிறவருக்கும் ஏற்றிக் கொடுத்த நோட்டு என்னிடம் வருகிறது. ஆறு மாதமாகியும் ஏற்றாத நோட்டும் வருகிறது. இரண்டு நோட்டுக்காரர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து திருவிருந்து எடுக்கிறார்கள். மேலே பார்க்கும்போது நாம் எல்லோரும் கூலிக்காரர்கள். கீழே பார்க்கும்போது எல்லோரும் கோல் பிடித்தவர்கள். கூலியைச் சாயங்காலத்துக்குள் கொடு என்ற அதே உபாகமம் 24ஆம் அதிகாரம், நீயும் எகிப்தில் அடிமையாக இருந்ததை நினைத்துக்கொள் என்று ஒன்றுக்கு இரண்டு முறை சொல்கிறது. அடிமையாக இருந்து மீண்டு, சொந்த நிலமும் ஆளும் அம்புமாக ஆனவர்களின் பிள்ளைகளுக்கு எழுதிய சட்டம் அது. எங்களுக்கே எழுதியதைப் போல இருக்கிறது.

இதைச் சபையில் பேசினால் வருகிற பதில் ஒன்று உண்டு. "பணம் இருக்கலாமுங்க, பண ஆசைதான் இருக்கக்கூடாது." இது புதிய பதில் இல்லை. ஏறத்தாழ 200ஆம் ஆண்டில் அலெக்சாந்திரியாவில் கிளமெந்து என்ற சபை ஆசிரியர், எல்லாவற்றையும் விற்றுக் கொடுத்துவிட்டு வா என்று இயேசு ஒரு ஐசுவரியவானிடம் சொன்னதற்கு இப்படித்தான் விளக்கம் எழுதினார்: விடவேண்டியது உள்ளத்தின் பற்றை, செல்வம் ஒரு கருவி, நல்லவன் கையில் நன்மை செய்யும். பற்றறுப்பைப் பற்றி எவ்வளவோ கேட்டு வளர்ந்த தமிழ்க் காதுக்கு இது சுலபமாக இறங்குகிறது. கிளமெந்துக்கும் நியாயம் செய்ய வேண்டும். பணக்காரர்கள் நம்பிக்கையிழந்து சபையை விட்டுப் போகக்கூடாது என்றும், அவர்கள் ஏழைகளோடு உறவாடிச் செல்வத்தைப் பகிர வேண்டும் என்றும் அவர் நினைத்தார். ஆனால் பற்று என்பது எந்தக் கணக்கு நோட்டிலும் தெரியாத சமாச்சாரம். எனக்குப் பற்றில்லை என்று எவரும் சொல்லிக்கொள்ளலாம், யாரும் தணிக்கை செய்ய முடியாது. அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்துக் கப்பதோக்கியாவில் பஞ்சம் வந்தபோது, பின்னாளில் பேராயரான பசீல் பிரசங்கித்தது வேறு மாதிரி. உன் களஞ்சியத்தில் மிஞ்சிக் கிடக்கிற தானியம் பசித்தவனுடையது, பெட்டிக்குள் கிடக்கிற ஆடை ஆடையில்லாதவனுடையது என்றார். அந்தியோக்கியாவில் பிரசங்கி கிறிசோஸ்தோம், ஏழையோடு பகிர்ந்துகொள்ளாமல் இருப்பதே அவனிடம் திருடுவது என்றார். இவர்களுடைய பேச்சைத் தணிக்கை செய்யலாம்.

கிறிசோஸ்தோம் அதைச் சொன்னது லாசருவின் உவமையை வைத்து. அந்த ஐசுவரியவான் லாசருவை அடித்ததாகவோ விரட்டியதாகவோ லூக்கா சொல்லவில்லை. லாசரு அவன் வாசலில் கிடந்தான், அவ்வளவுதான். கதையில் ஏழைக்குப் பெயர் இருக்கிறது, பணக்காரனுக்கு இல்லை. எங்கள் கூலி நோட்டுகளில் இது தலைகீழ். தறியோ பண்ணையோ முதலாளி பெயர் அட்டையில். உள்ளே 'ஹிந்திக்காரப் பையன் 1', 'ஹிந்திக்காரப் பையன் 2'. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் என்று நான்கு மாநிலத்துக்காரர்கள் அந்த ஒரு வார்த்தைக்குள் அடங்கிவிடுகிறார்கள். 2023 மார்ச்சில் இவர்களைத் தாக்குகிறார்கள் என்று பொய்யான வீடியோக்கள் பரவியபோது, இந்தத் தொழிலாளர்கள் பத்திரமாக இருக்கிறார்களா என்று போலீஸ் பட்டியல் கேட்டது. பெயரும் ஊரும் எழுதிக் கொடுக்க முடியாமல் எத்தனையோ முதலாளிகள் ஆதார் நகலைத் தேடினார்கள்.

அவர்களில் சிலர் ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆலயத்துக்கே வருகிறார்கள். ஜார்க்கண்டின் முண்டா, ஒராவோன் கிறிஸ்தவர்கள். கடைசி வரிசைக்குப் பின்னால் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து, தமிழ் புரியாமல், ராகம் தெரிந்த பாட்டுக்கு மட்டும் வாயசைக்கிறார்கள். மோதிரம் போட்டவனுக்கு முன்னால் இடம், கந்தைக்காரனுக்குக் காலடியில் இடம் என்று வைக்காதீர்கள் என யாக்கோபு இரண்டாம் அதிகாரத்தில் எழுதியது ஆலயத்தில் கூடுகிறவர்களுக்குத்தான். இந்தப் பிள்ளைகளின் முன்னோர் எப்படிக் கிறிஸ்தவர்கள் ஆனார்கள் என்று எங்கள் சபையார் தெரிந்துகொள்ள வேண்டும். ராஞ்சியில் 1840களிலேயே ஜெர்மானிய காஸ்னர் மிஷனரிகள் வந்தார்கள். 1885இல் வந்த கான்ஸ்டன்ட் லீவன்ஸ் என்ற பெல்ஜிய ஜேசு சபைப் பாதிரியார், ஜமீன்தார்கள் பறித்த நிலத்துக்காகவும் கூலியில்லா வேலைக்கு எதிராகவும் பழங்குடிகளுக்காகக் கோர்ட்டில் வழக்கு நடத்த உதவினார். ஆயிரக்கணக்கானவர்கள் அந்த வழியாகத்தான் சபைக்கு வந்தார்கள். எங்கள் வளவுக் கதையோடு சொந்தம் கொண்டாட வேண்டிய கதை. அந்தப் பிள்ளைகள் இன்றைக்கு எங்கள் தறிகளில் ராத்திரி ஷிப்ட் பார்க்கிறார்கள்.

"அவனே ஒத்துக்கிட்டுத்தானுங்களே வந்தான், ஊர்ல இதுகூடக் கிடைக்காது" என்பார்கள். பதின்மூன்றாம் லியோ என்ற போப் 1891இல் தொழிலாளர் பற்றி எழுதிய திருமடலில் இதற்குப் பதில் இருக்கிறது. வேறு வழியில்லாமல், இதைவிட மோசமானது வந்துவிடுமோ என்ற பயத்தில் ஒருவன் குறைந்த கூலிக்கு ஒத்துக்கொண்டால், அவன் ஒத்துக்கொள்ளவில்லை, வன்முறைக்கு ஆளாகிறான் என்பது அவருடைய கருத்து. கருமத்தம்பட்டியில் இருக்கும் கத்தோலிக்கத் தோழி ஒருத்தி தமிழில் எனக்கு வாசித்துக் காட்டினாள். எந்தச் சபைக்காரர் எழுதினால் என்ன, என் மேசைக்கு வரும் நோட்டுகளை அவர் பார்த்திருந்ததைப் போலவே இருந்தது.

என் தொழிலுக்குப் பக்கத்தில் இருக்கிற இரண்டு பேரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். ஒருவர் சகேயு, வரி வசூலித்தவர். இன்றைக்கு இந்த வீட்டுக்கு மீட்பு வந்தது என்று இயேசு அறிவித்தது சகேயு எண்ணிக்கையைச் சொன்ன பிறகு: சொத்தில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாக வாங்கியதற்கு நாலு மடங்கு வாங்கினவர்களுக்கே. இரண்டாவது தொகையைக் கவனிக்க வேண்டும். அது தர்மம் இல்லை. யாரிடம் எவ்வளவு கூடுதலாக வாங்கினோம் என்று பழைய கணக்கைத் திறந்தால்தான் அந்த நாலு மடங்கைக் கணக்குப் போட முடியும்.

இன்னொருவர் ஜே. சி. குமரப்பா. 1892இல் தஞ்சாவூரில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, பம்பாயில் சொந்தமாகத் தணிக்கை நிறுவனம் நடத்தியவர். அமெரிக்காவில் பொருளாதாரம் படிக்கும்போது இந்தியாவின் வறுமை எங்கிருந்து வருகிறது என்று அரசாங்கக் கணக்குகளை வைத்தே ஆராய்ந்தார். 1929இல் காந்தியைச் சந்தித்தார். அதற்குப் பிறகு பம்பாய் வாழ்க்கை முடிந்துபோயிற்று. 1934 பீகார் நிலநடுக்க நிவாரண நிதியின் கணக்கு அவர் பொறுப்பில் இருந்தபோது, காந்தியோடு வந்த குழுவின் செலவைக்கூட அதில் எழுத மறுத்துவிட்டார். இயேசுவின் போதனையைப் பற்றிய புத்தகத்தையும் கிராமப் பொருளாதாரம் பற்றிய புத்தகத்தையும் ஒரே சிறைவாசத்தில் எழுதினார். அவருக்கு அவை இரண்டு விஷயங்களாக இல்லை. கடைசி வருடங்களில் மதுரைக்குப் பக்கத்தில் கல்லுப்பட்டியில் எளிமையாக வாழ்ந்து 1960இல் இறந்தார். தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் மிஷனரிகளின் படம் மாட்டியிருக்கிறது. குமரப்பாவின் படத்தை நான் ஒரு வீட்டிலும் பார்த்ததில்லை. அவரைப் போல எல்லாவற்றையும் விட்டுவிட எங்களில் எவருக்கும் துணிவு இல்லாமல் இருக்கலாம். அவரைப் போலக் கணக்கை வாசிக்கப் பழகலாம். அதற்குத் துறவு தேவையில்லை.

அதை ஆலயத்தின் சொந்தக் கணக்கிலிருந்து தொடங்க வேண்டும் என்று எங்கள் கமிட்டியில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆலயத்தைக் கூட்டிப் பெருக்கும் அம்மாளுக்குக் கொடுக்கிற தொகை எங்கள் பட்ஜெட்டில் சம்பளம் என்ற தலைப்பின் கீழ் இல்லை. பராமரிப்புச் செலவில் பினாயிலுக்கும் பல்புக்கும் நடுவே இருக்கிறது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே. "அது ஆண்டவருக்குச் செய்யிற ஊழியம்தானுங்களே" என்றார் ஒரு மூப்பர். அப்படியானால் ஆண்டவருக்குச் செய்கிற ஊழியத்துக்குச் சந்தையைவிடக் கூடத்தான் கொடுக்க வேண்டும் என்றேன். ஆயர் அதை அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்த்திருக்கிறார். ஆலயத்துக்கு ஏசி போடும் தீர்மானமும் அதே தாளில் இருக்கிறது. அந்த அம்மாளின் கூலியை உயர்த்தி, வருங்கால வைப்பு நிதிக்கு ஈடாக ஒரு தொகையையும் சேர்த்தால் வருடத்துக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். ஏசிக்கு ஒதுக்கிய பணத்தில் அதைப் பல வருடம் கொடுக்கலாம். முதலில் கூலி, பிறகு ஏசி என்று வாக்கெடுப்பு கேட்பேன்.